எட்டு அணிகள், பதினான்கு ஆண்டுகள்: பேஸ்பால் வீரர் ராஜே டேவிஸ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜே டேவிஸ் 2006 முதல் 2019 வரை அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் எட்டு அணிகளுக்கு ஆடிய அவுட்ஃபீல்டர். நட்சத்திர வீரர்களின் ஆட்டமான ஆல் ஸ்டார் போட்டிக்கு அவர் ஒருமுறைகூடத் தேர்வு செய்யப்படவில்லை. ஆயினும் 2016ஆம் ஆண்டு இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் எவரும் அவர் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். அவரைப் பற்றியும், அவரைப் போன்ற வீரர்களின் தொழில் நடக்கும் விதம் பற்றியும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

ஜர்னிமேன் என்று எப்படிப்பட்ட வீரரைச் சொல்கிறார்கள்?

ஓர் அணியில் நிலைத்து நிற்காமல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில சமயம் சில மாதங்களிலேயே, வேறு அணிக்கு மாறிக்கொண்டிருக்கும் தொழில்முறை வீரரை அமெரிக்கர்கள் ஜர்னிமேன் என்கிறார்கள். பயணம் செய்பவர் என்பதே இதன் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் சொல்லின் வேர் பயணத்தில் இல்லை. ஒரு நாள் வேலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. தொழிலைக் கற்றுத் தேர்ந்து, ஆனால் சொந்தப் பட்டறை வைக்காமல், நாள் கூலிக்குப் பிறர் பட்டறையில் வேலை செய்யும் கைவினைஞருக்கு அந்தப் பெயர் இருந்தது.

அந்தப் பழைய பொருளை நினைவில் வைத்துக்கொண்டால் ராஜே டேவிஸைப் புரிந்துகொள்வது எளிது. அவர் எட்டு அணிகளாலும் கழித்துவிடப்பட்டவர் அல்லர். தொழில் தெரிந்தவர், அந்தத் தொழில் தேவைப்பட்ட எட்டு இடங்களில் வேலை செய்தவர். அணிகளின் எண்ணிக்கையைத் தோல்வியின் கணக்காகப் படிப்பவர்கள், ஒருவரை வெளியே விட்ட அணிகளை எண்ணுகிறார்களே தவிர, அவரைத் தேடி எடுத்துக்கொண்ட அணிகளை எண்ணுவதில்லை.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கு: அவுட்ஃபீல்டரின் வேலை என்ன?

பேஸ்பால் மைதானம் ஒரு விசிறி போல விரியும். விசிறியின் கைப்பிடி இருக்கும் இடத்தில் பேட்டர் நிற்கிறார்; அதை ஒட்டி, ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்கள் 90 அடிக்கு ஒன்றாகச் சதுர வடிவில் இருக்கின்றன. அதற்கு அப்பால் விரிந்து கிடக்கும் புல்வெளி முழுவதையும் காப்பவர்கள் மூன்றே பேர்: இடது, நடு, வலது அவுட்ஃபீல்டர்கள். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்பவரின் வேலைதான் என்றாலும், இங்கே எல்லையில் சுவர் உண்டு. பந்து மட்டையில் பட்ட ஓசையிலிருந்தே அது எங்கே விழும் என்று கணித்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, சுவர் எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதைக் காலடி மண்ணின் மாற்றத்தால் உணர்ந்து பிடிக்க வேண்டும். சுவருக்கு முன்னால் புல் நின்று, மண் பட்டை தொடங்குவது இதற்காகத்தான்.

டேவிஸ் பெரும்பாலும் நடுவிலும் இடதிலும் ஆடினார். டொராண்டோவுக்கு ஆடிக்கொண்டிருந்த 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில், நியூயார்க் யாங்கீஸ் அணியின் கேஸி மெகீ அடித்து, சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த பந்தை, அவர் சுவரின் மேல் காலூன்றி ஏறி, கையை அப்பால் நீட்டிப் பிடித்தார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த பிடிகளில் ஒன்றாக அது பேசப்பட்டது.

38ஆவது சுற்றில் எடுக்கப்பட்டார் என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?

ஆண்டுதோறும் பள்ளி, கல்லூரி வீரர்களை மேஜர் லீக் அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட் எனப்படும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ முப்பது பேர். டேவிஸ் 1980 அக்டோபர் 19 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் பிறந்தவர். பனி விழும் அந்த வடகிழக்கு மூலையிலிருந்து மேஜர் லீக் வீரர்கள் வருவது, வெயில் மாநிலங்களான கலிஃபோர்னியாவையும் ஃப்ளோரிடாவையும் ஒப்பிட்டால் மிகக் குறைவு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஏவரி பாயிண்ட் என்ற சிறு வளாகத்தில் படித்து ஆடிய அவரை, 2001இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி 38ஆவது சுற்றில் எடுத்தது. அவருக்கு முன்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அழைக்கப்பட்டிருந்தனர்.

முதல் சுற்றில் வருபவருக்கு அணி பல லட்சம் டாலர்களை முன்பணமாகக் கொடுக்கிறது. கொடுத்த பணத்துக்காகவே அவருடைய தவறுகளைப் பொறுத்துக்கொள்கிறது. 38ஆவது சுற்றுக்காரருக்கு அந்தப் பொறுமை கிடைக்காது. அவர் ஒரு மாதம் சரியாக அடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்புவதற்கு எவரும் இரண்டாம் முறை யோசிக்க மாட்டார்கள். இப்போது டிராஃப்டில் 20 சுற்றுகளே உள்ளன. டேவிஸ் எடுக்கப்பட்ட அந்த 38ஆவது சுற்று இன்று இல்லவே இல்லை என்பதை நினைக்கும்போது மனம் சற்றுக் கனக்கிறது.

மேஜர் லீகுக்கு வருவதற்கு முன் எங்கே ஆடினார்?

மைனர் லீகுகளில். அது பல படிகள் கொண்ட ஏணி. ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு கிளை அணி உண்டு. டேவிஸ் ஹிக்கரி, லின்ச்பர்க், ஆல்டூனா, இண்டியானபோலிஸ் என்று சிறு நகரங்களிலிருந்து மெல்லப் பெரிய நகரம் வரை ஒவ்வொரு படியாக ஏறினார். நீண்ட பேருந்துப் பயணங்கள், பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமே சம்பளம், கீழ்ப்படிகளில் அந்தச் சம்பளமும் மாதம் ஆயிரம் டாலரைத் தொடாத நிலை என்பதே அன்றைய மைனர் லீக் வாழ்க்கை. மைனர் லீக் வீரர்களுக்குத் தொழிற்சங்கம் அமைந்ததே 2022இல்தான்.

2006 ஆகஸ்ட் 14 அன்று பைரேட்ஸ் அவரை மேஜர் லீக் ஆட்டத்தில் இறக்கியது. அப்போது அவருக்கு வயது 25. தலைசிறந்த வீரர்கள் பலர் அந்த வயதில் நான்கைந்து பருவங்களை முடித்திருப்பார்கள்.

இத்தனை அணிகள் மாறியது அவர் விருப்பத்தாலா, அணிகளின் முடிவாலா?

தொழிலின் முதற்பாதியில் முழுக்க அணிகளின் முடிவு; பிற்பாதியில் அவரும் முடிவு செய்தார், ஆனால் கிடைத்த வாய்ப்புகளுக்குள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஜர்னிமேன் ஒருவரின் வாழ்க்கையை ஓட்டுவது அவருடைய கால்கள் மட்டுமல்ல, விதிப்புத்தகமும்தான்.

மேஜர் லீகில் ஆறு பருவங்கள் முழுமையாகச் சேவை செய்து முடிக்கும் வரை ஒரு வீரர் தான் ஆடும் அணியைத் தானே தேர்ந்தெடுக்க இயலாது. அணி விரும்பினால் அவரை வேறு அணியின் வீரருக்கு ஈடாக மாற்றிக்கொள்ளலாம். ஏறத்தாழ மூன்று பருவங்கள் வரை, அவரை மைனர் லீகுக்கு இறக்கவும் மீண்டும் ஏற்றவும் அணிக்கு உரிமை உண்டு. அந்த மூன்றும் தீர்ந்த பிறகு இறக்க வேண்டுமானால், முதலில் மற்ற எல்லா அணிகளிடமும் அவரைக் காட்டி, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிக்க வேண்டும். இதை வேவர்ஸ் என்கிறார்கள். எவரும் கை தூக்காவிட்டால்தான் மைனர் லீகுக்கு அனுப்பலாம்.

டேவிஸ் இந்த இரண்டையும் ஓராண்டுக்குள் அனுபவித்தார். 2007 ஜூலை 31, வீரர் பரிமாற்றத்துக்கான கடைசி நாள். பைரேட்ஸ் அணி, சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸிடமிருந்து மேட் மோரிஸ் என்ற மூத்த பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, அவருடைய பெரிய சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, டேவிஸையும் பின்னர் பெயர் சொல்லப்படவிருந்த இன்னொருவரையும் கொடுத்தது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஏன் வயதான பிட்சரை வாங்குகிறது என்று அன்றே பலர் கேட்டார்கள். 2008 ஏப்ரலில் பைரேட்ஸ், மோரிஸை அணியிலிருந்து விடுவித்தது. அத்துடன் அவருடைய தொழில் முடிந்தது. அதே ஏப்ரலில் ஜயண்ட்ஸும் டேவிஸுக்கு இடமில்லை என்று வேவர்ஸில் விட்டது. கொடுத்த பொருளும் வாங்கிய பொருளும் ஒரே மாதத்தில் தெருவுக்கு வந்தன.

டேவிஸை எடுத்துக்கொண்டது விரிகுடாவின் மறுகரையில் இருந்த ஓக்லண்ட் அத்லெடிக்ஸ். பாலத்தைக் கடந்தால் போதும், அடுத்த வேலை. அடுத்த ஆண்டே, 2009இல், அவர் .305 சராசரியில் அடித்து 41 பேஸ்களைத் திருடினார் (திருடுவது என்றால் என்ன என்பது அடுத்த கேள்வியில்). 2010இல் 50 பேஸ்கள். பத்து முறை பேட் செய்தால் மூன்று முறை அடித்துப் பேஸை அடைவது என்பது பேஸ்பாலில் நல்ல பேட்டரின் அடையாளம் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். அப்படி ஆடியும் 2010 நவம்பரில் ஓக்லண்ட் அவரை இரண்டு இளம் பிட்சர்களுக்கு ஈடாக டொராண்டோ ப்ளூ ஜேஸுக்குக் கொடுத்தது.

2013க்குப் பிறகுதான் ஒப்பந்தம் பேசும் உரிமை அவர் கைக்கு வந்தது. டெட்ராய்ட் டைகர்ஸுடன் இரண்டு ஆண்டுகள், 2016இல் கிளீவ்லண்டுடன் ஓராண்டு, 2017இல் மீண்டும் ஓக்லண்ட், அந்த ஆகஸ்டில் அங்கிருந்து பாஸ்டன் ரெட் சாக்ஸ், 2018இல் மீண்டும் கிளீவ்லண்ட், 2019இல் நியூயார்க் மெட்ஸ். ஒருமுறை ஆடிய இரண்டு அணிகள் அவரைத் திரும்ப அழைத்தன என்பது என் பார்வையில் எந்தப் புள்ளிவிவரத்துக்கும் குறைந்ததல்ல.

பேஸ் திருடுவது என்றால் என்ன? அதில் அவர் அவ்வளவு தேர்ந்தவரா?

தொழில் முழுவதிலும் 415 பேஸ்கள். 2016இல் 43 பேஸ்களைத் திருடி, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது 35. வேகத்தை நம்பி வாழும் பெரும்பாலான வீரர்கள் ஓய்வு பெற்றுவிடும் வயது அது.

முதல் பேஸில் நிற்கும் ஒருவர், பிட்சர் பந்தை பேட்டரை நோக்கி வீசத் தொடங்கும் கணத்தில் இரண்டாம் பேஸை நோக்கி ஓடுகிறார். பேட்டருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கேட்சர் அந்தப் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிகிறார். பந்து முந்தினால் ஓடியவர் அவுட். கால் முந்தினால் பேஸ் அவருடையது. கணக்கு மிக எளிமையானது. பிட்சரின் கையசைவு தொடங்கிப் பந்து கேட்சரை அடைய ஏறத்தாழ 1.3 நொடி; கேட்சர் பிடித்து எறிந்து அது இரண்டாம் பேஸுக்குச் சேர ஏறத்தாழ 2 நொடி. மூன்றேகால் நொடியில், பேஸிலிருந்து முன்கூட்டியே நகர்ந்து நின்ற சில அடிகள் போக மீதமுள்ள தூரத்தை ஓடி, சறுக்கி, பேஸைத் தொட வேண்டும்.

அதிவேகமாக ஓடத் தெரிந்த பலர் இதில் தோற்றுப்போகிறார்கள், ஏனெனில் எப்போது புறப்படுவது என்பதுதான் உண்மையான வித்தை. பிட்சர் வீசாமல் சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கே பந்தை எறிந்துவிட்டால், நகர்ந்து நின்றவர் அகப்பட்டுக்கொள்வார். ஆகவே திருடுபவர் பிட்சரின் முகத்தைப் பார்ப்பதில்லை; குதிகால்களைப் பார்க்கிறார். வலது கைப் பிட்சரின் முன் குதிகால் முதலில் எழுந்தால் பந்து பேட்டருக்குப் போகிறது. பின் குதிகால் எழுந்தால் திரும்பப் போகிறார். தோளின் சிறு சாய்வு, வீசுவதற்கு முன் மூச்சைப் பிடித்து நிற்கும் நேரம், ஒரே கணக்கில் இரண்டு முறை எண்ணிவிட்டு வீசும் பழக்கம் ஆகியவற்றையெல்லாம் மனத்தில் குறித்து வைத்திருக்க வேண்டும். வயது ஏறக் கால் சற்றுத் தளர்ந்தாலும் இந்தப் படிப்பு வளர்ந்துகொண்டே போகும். 35 வயதில் அவரால் லீகிலேயே முதலிடம் பெற முடிந்ததற்கு நான் கண்ட விளக்கம் இதுதான்.

இந்தத் திறமைக்கு அணிகள் ஏன் பணம் கொடுக்கின்றன என்பதையும் சொல்லிவிடலாம். ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் மாறி மாறி பேட் செய்யும் ஒன்பது இன்னிங்ஸ்கள் உண்டு. கடைசி இன்னிங்ஸில் ஓர் ஓட்டம் தேவைப்படும் போது, மெதுவாக ஓடும் பருத்த பேட்டர் எப்படியோ முதல் பேஸை அடைந்துவிட்டால், மேலாளர் அவரை வெளியே அழைத்து டேவிஸ் போன்ற ஒருவரை அவருக்குப் பதிலாக நிறுத்துவார். மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் அவர் ஓடப்போகிறார் என்று தெரியும். தெரிந்தும் ஓட வேண்டும்.

இவ்வளவு திறமை இருந்தும் நாள்தோறும் ஆடும் வீரராக நிலைக்காதது ஏன்?

அவர் வலது கை பேட்டர். பொதுவாக வலது கை பேட்டருக்கு, வலது கைப் பிட்சரின் பந்து தன் உடலிலிருந்து விலகிச் செல்வதுபோல் வளைவதால் அடிப்பது கடினம். இடது கைப் பிட்சரின் பந்து கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எல்லா வலது கை பேட்டர்களுக்கும் ஓரளவு உள்ள இந்த வேறுபாடு, டேவிஸுக்கு அழுத்தமாகவே இருந்தது. பெரும்பான்மைப் பிட்சர்கள் வலது கையர்கள் என்பதால், அவரை அன்றாடம் நிறுத்தினால் பெரும்பாலும் அவருக்குக் கடினமான பக்கமே வந்து சேரும். ஆகவே அணிகள் அவரை இடது கை பேட்டர் ஒருவருடன் இணையாக வைத்துக்கொண்டன: எதிரணி இடது கைப் பிட்சரை இறக்கும் நாளில் இவர், மற்ற நாளில் அவர்.

அத்துடன், நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விடுபவருக்கு முதல் பேஸைத் தரும், பேஸ் ஆன் பால்ஸ் எனப்படும் இலவச நடையை அவர் அதிகம் பெறவில்லை. தவறான பந்துகளையும் துரத்தினார். பேஸை அடையாமல் பேஸைத் திருட முடியாது. இந்தக் குறையை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் இடது கைப் பிட்சர்களுக்கு எதிராக அடிப்பவர் என்பது சாதாரண அடையாளம் அல்ல. 2014 ஜூன் 30 அன்று டெட்ராய்டில், டைகர்ஸ் 1-4 என்று பின்தங்கி, கடைசி இன்னிங்ஸில் எல்லா பேஸ்களிலும் ஆட்கள் நின்றபோது, ஓக்லண்டின் ஷான் டூலிட்டிலை எதிர்கொண்ட டேவிஸ் பந்தைச் சுவருக்கு அப்பால் அடித்தார். ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள், 5-4 வெற்றி. டூலிட்டில் இடது கையர். அந்தப் பெயர் கீழே இன்னொரு முறை வரும்.

2016 நவம்பர் 2 அன்று என்ன நடந்தது?

அது வேர்ல்டு சீரீஸ் எனப்படும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். கிளீவ்லண்ட் அணி 1948க்குப் பிறகு கோப்பையை வென்றதில்லை; எதிரே நின்ற சிகாகோ கப்ஸ் 1908க்குப் பிறகு வென்றதில்லை. தலா மூன்று வெற்றிகளுடன் வந்திருந்த இரு அணிகளுக்கும் அந்த ஓர் இரவுதான் மிச்சம்.

எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லண்ட் பேட் செய்தபோது கப்ஸ் 6-3 என்று முன்னிலை. இரண்டு பேர் அவுட். ஒருவர் முதல் பேஸில். இந்நேரத்தில் கப்ஸ் மேலாளர் தன் கடைசி ஆயுதமான அரோல்டிஸ் சாப்மனை இறக்கினார். 2010இல் மணிக்கு 105.1 மைல், அதாவது 169 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசிப் பதிவான இடது கைப் பிட்சர் அவர். ஆனால் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களிலும் நெடுநேரம் வீசியிருந்ததால் கை தளர்ந்திருந்தது. பிராண்டன் கையர் அடித்த அடியில் ஓர் ஓட்டம் வந்து 6-4 ஆயிற்று. அடுத்து டேவிஸ்.

அந்தக் காட்சியை நீங்கள் மீண்டும் பார்த்தால், முதலில் அவர் கைகளைப் பாருங்கள். பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன் அடிக்க விரும்புபவர் மட்டையின் அடிக்குமிழை ஒட்டிப் பிடிப்பார். மட்டை நீளமானால் வீச்சு பெரிதாகும். டேவிஸின் கைகளோ குமிழிலிருந்து நன்றாக மேலேறி இருக்கின்றன; கைக்குக் கீழே மட்டையின் அடிப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பள்ளிச் சிறுவனுக்குக் கனமான மட்டையைக் கொடுத்தால் பிடிப்பானே, அப்படி. மட்டையைச் சுருக்கிக்கொண்டால் வலிமை குறையும், ஆனால் மட்டை விரைவாக வரும். இதைவிட வேகமான பந்து உலகில் இல்லை என்னும்போது, வலிமையை விட்டுக்கொடுத்து விரைவை வாங்கிக்கொள்வது தொழில் தெரிந்தவரின் முடிவு. பந்தின் வேகத்தையே அது வந்த திசைக்குத் திருப்பிவிட்டால் போதும்.

பந்துக்குப் பந்து பின்புறமும் பக்கவாட்டிலும் தட்டிவிட்டுக்கொண்டே நின்றார். இரண்டு பால், இரண்டு ஸ்ட்ரைக்; இன்னொரு ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அடுத்து உட்புறமாகத் தாழ்ந்து வந்த பந்தை அவர் இழுத்து அடிக்க, அது இடதுபுறம் கோட்டை ஒட்டித் தாழ்வாகப் பறந்து, 19 அடி உயரச் சுவரை மயிரிழையில் தாண்டியது. 6-6. அவ்வாண்டு 12 ஹோம் ரன்களே அடித்திருந்தவர், அதுவே அவர் தொழிலில் மிக அதிகமான எண்ணிக்கை, சாப்மனின் பந்தில் ஆட்டத்தைச் சமன் செய்தார்.

அதன் பிறகு ஒன்பது இன்னிங்ஸும் முடிந்து, மழையால் 17 நிமிடம் ஆட்டம் நின்று, பத்தாவதில் கப்ஸ் இரண்டு ஓட்டங்கள் எடுத்தது. கிளீவ்லண்டின் கடைசி வாய்ப்பில் மீண்டும் இரண்டு பேர் அவுட் ஆன நிலையில், இரண்டாம் பேஸில் கையர் நிற்க, வந்தவர் மீண்டும் டேவிஸ். நடுக்களத்துக்கு அடித்துக் கையரை ஓட்டம் சேர்க்க வைத்தார், 8-7. அடுத்த பேட்டர் அவுட். கப்ஸ் 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்துக்கொண்டது.

அணி தோற்றதால் அந்த ஹோம் ரனுக்கு மதிப்பு குறைந்துவிட்டதா?

பதிவேட்டில் அது தோற்ற அணியின் இரண்டு ஓட்டங்கள். ஆனால் அன்று மைதானத்தில் இருந்தவர்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் அப்படி நினைக்கவில்லை. கிளீவ்லண்ட் மக்கள் இன்றும் நினைக்கவில்லை. கிளீவ்லண்ட் வென்றிருந்தால் அந்த நகரில் அவருக்குச் சிலை நின்றிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே ஆண்டில் சைக்கிள் அடித்தார் என்கிறார்களே?

ஆம். ஒரே ஆட்டத்தில் ஒற்றை பேஸ், இரண்டு பேஸ், மூன்று பேஸ், ஹோம் ரன் ஆகிய நான்கையும் அடிப்பது சைக்கிள். 2016 ஜூலை 2 அன்று, தன் பழைய அணியான டொராண்டோவின் மைதானத்தில் அவர் அதைச் செய்தார். அதுவும் தலைகீழ் வரிசையில், ஹோம் ரனில் தொடங்கி ஒற்றையில் முடித்தார். மிக அரிதான வரிசை. அந்த ஆட்டத்திலும் கிளீவ்லண்ட் தோற்றது.

வாடகைக் காரில் மைதானத்துக்கு வந்து ஹோம் ரன் அடித்த கதை உண்மையா?

முழுக்க உண்மை. 2019இல் அவருக்கு வயது 38. மெட்ஸ் அணி அவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்து, சிராக்யூஸ் கிளையில் வைத்திருந்தது. மே 22 அன்று அந்தக் கிளை அணி பென்சில்வேனியாவில் ஆடவிருந்த நேரத்தில், மேஜர் லீக் அணியில் ஒருவர் காயமுற்றதால் உடனே நியூயார்க் வரும்படி அழைப்பு வந்தது. உபர் காரைப் பிடித்தார். கட்டணம் 243 டாலர். அவர் மைதானத்துக்குள் நுழைந்தபோது ஆட்டம் மூன்றாவது இன்னிங்ஸில் இருந்தது.

சீருடை மாற்றிக்கொண்டு, எட்டாவது இன்னிங்ஸில் வேறொருவருக்குப் பதிலாகப் பேட் செய்ய வந்தார். எதிரே நின்ற வாஷிங்டன் நேஷனல்ஸ் பிட்சர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் டெட்ராய்டில் அவர் சந்தித்த அதே ஷான் டூலிட்டில். மூன்று ஓட்டங்கள் தந்த ஹோம் ரன். மெட்ஸ் 6-1 என்று வென்றது. இந்தச் செய்தியைக் காரின் கட்டணத்தைச் சொல்லிச் சிரித்துக் கடந்தவர்கள் அதிகம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த மேலாளர் அவரைக் கண்மூடித்தனமாக அனுப்பவில்லை. இடது கைப் பிட்சர் நின்றார். இடது கைப் பிட்சரை அடிக்கத் தெரிந்தவர் வந்திருந்தார். 2014, 2016, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளின் புகழ்பெற்ற மூன்று அடிகளும் இடது கைப் பிட்சர்களின் பந்துகளிலேயே நிகழ்ந்தன. அவரை எட்டு அணிகளும் எதற்காக எடுத்தனவோ, அதையே அவர் செய்துகொடுத்தார்.

இப்படிப்பட்ட வீரருக்கு வருமானம் எப்படி இருக்கும்?

ஏற்ற இறக்கம் மிகுதி. அவர் முதன்முதலில் நிலைகொள்ள முயன்ற 2007இல் மேஜர் லீகின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 3,80,000 டாலர். அதுவும் மேஜர் லீகில் இருந்த நாட்களுக்கு மட்டுமே கணக்கிடப்படும். டைகர்ஸுடன் இரண்டு ஆண்டுகளுக்கு 1 கோடி டாலர் என்பது அவருடைய பெரிய ஒப்பந்தம். 2016இல் லீகிலேயே அதிகப் பேஸ்களைத் திருடி, இறுதிப் போட்டியில் அப்படி அடித்த பிறகும், 2018இலும் 2019இலும் மேஜர் லீகில் இடம் உறுதியில்லாத மைனர் லீக் ஒப்பந்தங்களே கிடைத்தன. பத்தாண்டுச் சேவையை நிறைவு செய்பவருக்கு வீரர்களின் ஓய்வூதியம் முழு அளவில் கிடைக்கும் என்பதால், 38ஆவது சுற்றில் வந்த ஒருவர் பத்தைக் கடப்பது அவர் குடும்பத்துக்குப் பெரிய காரியம்.

இவரைவிட அதிக அணிகள் மாறிய அவுட்ஃபீல்டர்கள் உண்டா?

உண்டு. கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து வந்த மேட் ஸ்டேர்ஸ் 12 நிர்வாகங்களின் கீழ் ஆடினார். இடையில் 1993இல் ஜப்பானின் சூனிச்சி டிராகன்ஸ் அணிக்கும் போய் வந்தார். டேவிஸுக்கு நேர் எதிரான வடிவம் அவர்: குட்டையான, பருத்த, இடது கை பேட்டர், ஓட்டம் கிடையாது, அடி உண்டு. மொத்தம் 265 ஹோம் ரன்கள். அவற்றில் 23, வேறொருவருக்குப் பதிலாக இறங்கி அடித்தவை, அது மேஜர் லீக் சாதனை. 2008 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்காக லாஸ் ஏஞ்சலிஸில் ஜானதன் பிராக்ஸ்டன் பந்தில் அவர் அடித்த ஹோம் ரன் அந்நகரில் இன்றும் பேசப்படுகிறது. அந்த அணியில் அவர் சேர்ந்தது அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான். பிட்சர்களைச் சேர்த்துக்கொண்டால் எட்வின் ஜாக்சன் 14 அணிகளுக்கு ஆடியிருக்கிறார்.

ஓய்வுக்குப் பின் டேவிஸ் என்ன செய்கிறார்?

மேஜர் லீக் தலைமை அலுவலகத்தில், மைதான ஆட்டம் சார்ந்த பிரிவில் பொறுப்பேற்றார். அந்த அலுவலகம் 2023இல் விதிகளை மாற்றியது: பிட்சர் வீச வேண்டிய நேரத்துக்குக் கடிகாரம் வைத்தது, ஓட்டக்காரரை நோக்கிப் பந்தைத் திருப்பி எறிவதற்கு வரம்பு விதித்தது, பேஸின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கியது. முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையிலான ஓட்டம் நான்கரை அங்குலம் குறைந்தது. 2022இல் எல்லா அணிகளுமாகச் சேர்ந்து திருடிய பேஸ்கள் 2,486. 2023இல் அது 3,503 ஆயிற்று. டேவிஸ் திருடிய 415 பேஸ்களும் பழைய 15 அங்குலப் பேஸ்கள்.